எங்கே எரிந்த பாய்லர்?

பாய்லரைத் தூக்கி வந்து சமையலறைப் பின்கட்டில் வைத்த தோக்சூ, மூச்சு வாங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, பழைய பாய்லரையும் பழைய புருஷனையும் எங்கே எரிஞ்சேன்னு கேக்கக்கூடாது. சூடு வருதான்னு மட்டும் பாத்துக்கணும்."

ஹேரன் சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

போலீஸ் வேலையை உதறிவிட்டு, ஜெச்சன் சந்தைத் தெருவில் ரொட்டிக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டவள் பியோன் ஹேரன். அந்த அலுவலகத்தில் அவளைத் தவிர இருந்த ஒரே ஆள் பொங் தோக்சூ. டிரைவர், வேவுக்காரன், காப்பி கலக்குகிறவன் எல்லாம் அவன்தான். வாய் மட்டும் தனியாகச் சம்பளம் கேட்கும்போல ஓயாமல் வேலை செய்யும்.

கடுங்குளிரில் அவள் வீட்டு பாய்லர் உள்ளே உறைந்து பிளந்து போயிருந்தது. தரையைச் சூடாக்க அடியில் ஓடும் வெந்நீர் நின்றுபோனதால் தரையில் கால் வைக்க முடியவில்லை. நாளை மறுநாள் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். நெஞ்சில் சளி கட்டிப் பிழைத்தவரைக் குளிர்ந்த தரையில் படுக்க வைத்தால் திரும்பத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

புது பாய்லர் வாங்கலாமென்றால், பனிக்காலம் முடிந்ததும் தெருவையே இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். இடிக்கப்போகிற வீட்டுக்குப் புது பாய்லர் போடுகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்கும். பழையதுதான் வழி. ஆனால் அந்தக் குளிரில் பழையதும் யாரிடமும் இல்லை. அவள் வாய் திறந்து கேட்காமலே தோக்சூ ஒன்றைத் தேடிப் பிடித்து வந்திருந்தான். அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க அதட்டினாள்.

"எங்கடா புடிச்ச?"

"நம்ம பழைய இரும்புக் கடை கூ இருக்கான்ல, அவன்கிட்ட. கீழ்த்தெருவுல இடிச்ச வீட்டுலேர்ந்து கழட்டினதாம். அக்காவுக்குன்னா சும்மா தூக்கிட்டுப் போன்னுட்டான்."

"கூவா? துருப்புடிச்ச ஆணியைக்கூட எடை போட்டுத்தானேடா குடுப்பான்."

"எடை போடத்தான் பாத்தான். தூக்க முடியல, விட்டுட்டான்."

பாய்லர் மாட்டுகிற மெங்குக்கு ஹேரன் போன் போட்டாள். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு.

"பெட்டி மேல கம்பெனிச் சீட்டு ஒட்டியிருக்கும் பாருங்க. எந்த கேஸுக்குச் செஞ்சதுன்னு அதுல இருக்கும்."

"சீட்டு இல்லியே, கிழிஞ்சிருக்கு."

"அப்ப எங்க ஓடினதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்கம்மா. உங்க தெருவுல சிலிண்டர். குழாய் கேஸுக்குச் செஞ்ச பாய்லரைச் சிலிண்டர்ல மாட்டினா தீ தாறுமாறா எரிஞ்சு விஷப்புகை வரும். கதவைச் சாத்திட்டுத் தூங்குறவங்க காலையில எழுந்திரிக்கமாட்டாங்க. நாளைக்கு மத்தியானம் வரேன். அதுக்குள்ள தெரியலேன்னா நான் தொடமாட்டேன்."

தோக்சூ அலுத்துக்கொண்டான். "பாய்லருக்கு ஜாதகம் பாக்குறாரா? கீழ்த்தெருவும் சிலிண்டர்தான்னு சொல்லிடுங்க அக்கா."

சொல்லிவிட்டிருப்பாள். ஆனால் போலீஸ்காரக் கண் சும்மா இருக்கவில்லை. பாய்லரின் புகைக்குழாய் ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

"அடுத்து உப்பு போதுமான்னு சொல்லுவீங்களா?" என்றான் அவன்.

"இது கடல்காத்துடா. கீழ்த்தெருவுக்கு எப்படா கடல் வந்துச்சு?"

"ஊறுகாய் முட்டைக்கோஸுக்கு உப்பு போடாத வீடு நம்ம ஊர்ல உண்டா? எல்லார் வீட்டுப் பின்கட்டுலயும் உப்பு மூட்டைதான்."

நல்ல பதில்தான். ஆனால் சீட்டு இருந்த இடத்தில் கோந்து இன்னும் பிசுபிசுத்தது. அதற்குக் கீழே மாட்டினவர் பேரும் ஊரும் எழுதி ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டும் உரிக்கப்பட்டிருந்தது. பழசாகிக் கிழிந்திருந்தால் ஓரம் சுருண்டு பாதி நின்றிருக்கும். இது யாரோ நகத்தால் பொறுமையாக உரித்தது.

"குழந்தைங்க உரிச்சிருக்கும் அக்கா."

"இடிச்ச வீட்டுல ஏதுடா குழந்தை?"

"இடிச்சதே அதுங்கதானோ என்னவோ."

"வண்டியை எடு. கூவைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள் ஹேரன்.

கூ தகரக் கொட்டகையில் அடுப்போடு ஒட்டி உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தான். கேள்வியைக் கேட்டதும் புரைக்கேறியது.

"பாய்லரா? இந்தக் குளிர்ல என்கிட்ட பாய்லர் இருந்தா நானே கட்டிப்புடிச்சுத் தூங்குவேன். பனி கொட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணுகூட கண்ணுல படல."

ஹேரன் திரும்பித் தோக்சூவைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"நான் சொன்னது வேற கூ, அக்கா."

"ஊர்ல எத்தனை கூடா?"

"எக்கச்சக்கம்."

வண்டியில் ஏறியதும் அவனே வழிக்கு வந்தான். நெடுஞ்சாலை டீக்கடையோரம் ஒரு லாரிக்காரனிடம் சொந்தக் காசு போட்டு வாங்கினானாம். சொன்னால் திட்டுவாள், காசைத் திருப்பிக் கொடுப்பாள், அதனால்தான் கூ தலையில் போட்டானாம். ஹேரனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இவனை நம்பாமல் யாரை நம்புவது? வாடகை கட்ட முடியாத மாதங்களில் சம்பளமே கேட்காமல் கூட இருந்தவன்.

"சரி விடு. அந்த லாரிக்காரன் என்ன கேஸ்னு சொன்னான்?"

"சிலிண்டர். சத்தியமா சிலிண்டர்தான்."

அத்தனை வருஷத்தில் தோக்சூ கிண்டல் கலக்காமல் சொன்ன முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும். அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், பசிக்கிறது, சூடாகப் பன் வாங்கி வருகிறேன் என்று அவன் தெருமுனைக்குப் போனான். ஹேரன் பின்கட்டில் குந்தி பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தாள். அடியில் அறுபட்ட குழாய்த் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் துணி சுற்றி வெள்ளி டேப் ஒட்டியிருந்தது. குழாய் உறையாமலிருக்க அங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் சுற்றுவார்கள். கிழிந்த உள்ளாடை, பிள்ளைகளின் பழைய போர்வை, எது வேண்டாமோ அது. ஒரு வீட்டுக்கு எது வேண்டாததாகிவிட்டது என்று பார்க்கவேண்டுமானால் பாய்லர் குழாயைப் பார்த்தால் போதும்.

கத்தியால் டேப்பைக் கீறினாள். கடுகு மஞ்சள் கம்பளி எட்டிப் பார்த்தது.

இழுத்தாள். சுற்றுச் சுற்றாக வந்தது. கையால் பின்னிய, கையில்லாத ஸ்வெட்டர். முன்பக்கம் முழுவதும் ஜடை போட்டதுபோல் பின்னல். உள்பக்கம் திருப்புவதற்கு முன்பே அங்கே என்ன இருக்குமென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தது. நீலக்கோடு போட்ட மாவுப்பைத் துணியில் தைத்த சின்னப் பாக்கெட், இருதய மாத்திரை வைத்துக்கொள்ள.

அந்த ஸ்வெட்டரின் படம் பல மாதங்கள் அவள் மேஜைமேல் இருந்தது. பின்னியவள் நம்குங் பொக்சில், சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருப்பவள். போட்டிருந்தவர் அவள் புருஷன் யாங் சங்போ, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். போன வசந்தத்தில் மீன் பிடிக்கப் போகிறேன் என்று இந்த ஸ்வெட்டரோடு கிளம்பியவர் திரும்பவில்லை. பொக்சில் வந்து ஹேரனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லுங்கள், சாப்பாட்டில் அவருக்குக் கரண்டி வைப்பதா, படையலில் கிண்ணம் வைப்பதா என்று எனக்குத் தெரியவேண்டும்.

இலையுதிர்காலத்தில் தோக்சூ கிழக்குக் கடற்கரைக்குப் போய், அலைதடுப்புச் சுவரில் கிடந்த அவருடைய செருப்பைக் கொண்டுவந்தான். மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஆளை அலை இழுத்ததை மீனவர்கள் பார்த்தார்களாம். ஹேரன் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். செருப்பைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் படைக்கிற வழக்கப்படி பொக்சில் படைத்தபோது, படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் மது ஊற்றி விழுந்து கும்பிட்டதும் இதே ஹேரன்தான்.

கடலோடு போன ஸ்வெட்டர் அவள் மடியில் கிடந்தது.

பாய்லரைச் சாய்த்தாள். அடிப்பக்கம், உரித்தவன் கண்ணுக்கு எட்டாத மூலையில், சாப்பாட்டுக் கடைக்காரர்கள் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போகும் காந்த வில்லை ஒன்று ஒட்டியிருந்தது. வெள்ளைக் கொக்கு சீனச் சாப்பாட்டுக் கடை, முகோ துறைமுகம். தோக்சூ செருப்பு கொண்டுவந்த அதே கிழக்குக் கடற்கரை. கீழே போன் நம்பர்.

இனி யோசித்துத்தான் பேசவேண்டும். யாங் சங்போவைத் தெரியுமா என்று கேட்டால் கடைக்காரர்கள் உஷாராகிவிடுவார்கள். பொக்சில் சொன்ன ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. வெள்ளரிக்காய் வெட்டின கத்தியைக்கூட அந்த மனுஷன் தொடமாட்டார்.

"வெள்ளைக் கொக்கு" என்றது ஒரு பெண் குரல்.

"ஜாஜாங் நூடுல்ஸ். வெள்ளரிக்காய் போடாம" என்றாள் ஹேரன்.

"ஓ, மீன்கடை அக்காவா? எப்பவும்போல ரெண்டுதானே, அண்ணனுக்கு மட்டும் வெள்ளரிக்காய் இல்லாம?"

ஹேரன் போனை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இல்லம்மா. நான் அவங்க வீட்டுப் பழைய பாய்லர் வாங்கினவ. இங்க மாட்டப் போறோம், ஒரு சந்தேகம். அவங்க வீட்டுல குழாய் கேஸா, சிலிண்டரா?"

"குழாய் கேஸ்தான். இந்தப் பக்கம் எல்லாமே குழாய்தானே. ஓ, அந்த பாய்லரா? எடுத்துட்டுப் போன தம்பி பத்திரமா வந்து சேர்ந்துச்சா? எங்க கடையிலதான் சாப்பிட்டுச்சு. என்னா வாய், என்னா வாய். யாங் அண்ணன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, 'மீன்கடை அக்கா, பழைய பாய்லரையும் பழைய புருஷனையும் எங்கே எரிஞ்சேன்னு கேக்கக்கூடாது, சூடு வருதான்னு மட்டும் பாத்துக்கணும்'னுச்சு பாருங்க. அந்த அக்கா சிரிச்சு சிரிச்சு எலும்பு தொண்டையில மாட்டிக்குச்சு."

அதற்கப்புறம் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பது ஹேரன் காதில் விழவில்லை. துரோகம் என்ற வார்த்தையை அவள் எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறாள். மற்றவர்கள் வீட்டுக் கதையாக எழுதும்போது அது ஒரு வார்த்தைதான். தன் வீட்டுப் பின்கட்டில் கேட்டுச் சிரித்த ஒரு ஜோக்காக அது வருமென்று தெரியாது.

கதவு திறந்தது.

"உள்ள பயறு வெச்சது அக்கா. பல்லைச் சுடும், ஊதிச் சாப்..."

மேஜைமேல் விரித்திருந்த ஸ்வெட்டரைப் பார்த்ததும் தோக்சூ நின்றுவிட்டான். பன் பொட்டலத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"எங்கே எரிஞ்சேன்னு கேக்கக்கூடாதுன்னியே. இப்ப கேக்குறேன்" என்றாள் ஹேரன்.

அவன் உட்கார்ந்தான். பொட்டலத்தை ஸ்வெட்டருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"முட்டி போட்டு அழுதாரு அக்கா. செத்துட்டேன்னு சொல்லிடு தம்பி, அவளுக்கும் அதான் மரியாதைன்னாரு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. புருஷன் செத்தவளுக்குச் சந்தையில ஆளாளுக்குக் கஞ்சி கொண்டாந்து குடுப்பாங்க. புருஷன் ஓடிப்போனவளைப் பாத்து முதுகுக்குப் பின்னால சிரிப்பாங்க. எங்கம்மாவைப் பாத்துச் சிரிச்சாங்க. பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன்."

"அது உங்கம்மா கதை. பொக்சில் அக்கா உன்கிட்ட மரியாதையையா கேட்டாங்க? உண்மையைக் கேட்டாங்க. அந்தச் செருப்பு?"

"அவரே கழட்டிக் குடுத்தாரு. நான்தான் கொண்டுபோய் வெச்சேன். ரெண்டு நாள் ஊற வெச்சு எடுத்தேன்."

"அதை என் கையில குடுத்து அவங்ககிட்ட அனுப்பின."

"நீங்க குடுத்தா நம்புவாங்கன்னு..."

சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

"பாய்லர்?"

"உங்க வீடு உறைஞ்சு கிடந்துச்சு. அப்பா வர்றாரு. ஊரெல்லாம் அலைஞ்சேன், கிடைக்கல. அவங்க புதுசு மாத்தறதா சொன்னது ஞாபகம் வந்துச்சு. உங்களுக்காகத்தான் அக்கா."

"சிலிண்டர்னு சத்தியம் பண்ணினியே, அதுவும் எனக்காகத்தானா?"

"கேஸ் கேஸ்தானேன்னு நெனச்சேன். மெங் சும்மா பயமுறுத்துறாருன்னு... குழாய் கேஸ்னா எந்த ஊருன்னு தோண்டுவீங்க."

"அந்தப் பொய் வெளிய வரக்கூடாதுன்னு எங்கப்பாவை விஷப்புகையில படுக்க வெச்சிருப்ப."

தோக்சூ அழுதான். எப்போதும் அவன் அழுதால் ஹேரனுக்குத் தாங்காது. இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. பாய்லரைப் பார்த்தாள். உருப்படியான பாய்லர். கேஸ் வரும் முனையை மாற்றிப் போட்டால் சிலிண்டரிலும் எரியுமென்று மெங்கே சொல்லக்கூடும். அப்பா சூடாகப் படுத்துக்கொள்வார். அவர் படுத்திருக்கும் தரைக்கு அடியில் ஓடும் தண்ணீரை எது சுட வைக்கிறது என்று இவளுக்குத் தெரிந்திருக்கும்.

மெங்குக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வரவேண்டாம்."

"அப்ப அப்பாவுக்கு?" என்று கேட்டான் தோக்சூ.

"பாத்துக்கறேன்."

ஸ்வெட்டரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தோக்சூவிடம் சொன்னாள், "வண்டியை எடு. சந்தைக்கு."

புத்தாண்டு நெருங்கியதால் பொக்சில் கடையில் எண்ணெய் வாசனை தெருவரை வந்தது. மீன் துண்டுகளை முட்டையில் தோய்த்துத் தோய்த்துத் தட்டுச்சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அலமாரியில் புருஷன் படம். அதற்கு முன்னால் தேய்த்துப் பளபளவென்று வைத்த பித்தளைச் சோற்றுக் கிண்ணம்.

தோக்சூவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஏற்கெனவே துணியில் கட்டி வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"இந்தப் பிள்ளைக்குத்தான் முதல் ஈடு. அன்னிக்கு அந்தச் செருப்பைப் பாத்து என்கூட உக்காந்து அழுதது இது ஒண்ணுதான்."

ஹேரன் ஸ்வெட்டரைப் பலகைமேல் வைத்தாள்.

பொக்சில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்வெட்டரைத் திருப்பினாள். மாவுப்பைப் பாக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்தாள். முகத்தருகே கொண்டுபோய் மோந்தாள்.

"இது கடல் தண்ணியில நனையல. நான் மீன்காரன் மக, எனக்குத் தெரியும். எங்க இருந்துச்சு?"

"அப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றாரேன்னு என் வீட்டுக்கு ஒரு பழைய பாய்லர் வந்துச்சு. அதோட குழாயில சுத்தியிருந்தது அக்கா."

சட்டியில் மீன் கருகத் தொடங்கியது. பொக்சில் அடுப்பை அணைத்தாள்.

"இப்ப கூட இருக்கறது யாரு?"

"முகோவுல மீன்கடை வெச்சிருக்காங்க."

"வெள்ளரிக்காய்?"

"இன்னும் சாப்பிடறதில்லை."

பொக்சில் தலையை ஆட்டினாள். அழவில்லை. "ராத்திரி ராத்திரி கண்ணு எரிய எரியப் பின்னினேன். போடப் பிடிக்கலேன்னா குப்பையில போட்டிருக்கலாம். குழாயிலயா சுத்துவான்?"

"நான்தான் ஆள் போயிட்டாருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடிங்க, வாங்கிக்கறேன்" என்றாள் ஹேரன்.

பொக்சில் உள்ளே போனாள். படத்தைக் கவிழ்த்தாள். கிண்ணத்தை எடுத்து வந்து பலகைமேல் வைத்தாள்.

"அப்ப நீ பாய்லர் மாட்டலையா?"

"மாட்டல."

"உங்கப்பாவை இங்க கூட்டிட்டு வா. என் வீட்டுத் தரை சூடாத்தான் இருக்கு. ஒரு ஆளுக்கு இடமும் இருக்கு, கிண்ணமும் இருக்கு."

அப்போதுதான் பொக்சிலுக்கு இன்னொன்று தோன்றியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஆள் கடல்ல போகல. அப்ப அந்தச் செருப்பு எப்படி அங்க வந்துச்சு?"

ஹேரன் வாயைத் திறக்கவில்லை. தோக்சூவையும் பார்க்கவில்லை. அதை அவன்தான் சொல்லவேண்டும். வெளியே யாரோ முள்ளங்கி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன், பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான்.

"நான்தாம்மா வெச்சேன்."

பொக்சில் அவன் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கினாள். முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்த மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, விற்பனைத் தட்டில் மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினாள். கடைசித் துண்டையும் வைத்துவிட்டு, துணியை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.